தகுதி கேட்காத நினைப்பு

சங்கீதம் 136. இருபத்தாறு வசனம், ஒவ்வொன்றின் பின்பாதியும் ஒரே வரி. எங்கள் சபையில் முன்பாதியைப் போதகர் வாசிப்பார், பின்பாதியை நாங்கள் சொல்வோம். பத்து வசனம் தாண்டினால் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகும், கண் மின்விசிறியில் இருக்கும். பாட்டின் போக்கு பெரிசு. வானம், பூமி, சூரியன், சந்திரன், எகிப்து, செங்கடல், சீகோன், ஓக் என்று ராஜாக்களின் பெயர்கள். அப்படியே போய்க்கொண்டிருந்த பாட்டில் 23ஆம் வசனத்தில் திடீரென்று நாம் வருகிறோம், அதுவும் தாழ்ந்து கிடக்கிற கோலத்தில். அப்போது கடவுள் நம்மை நினைத்தார் என்கிறது. ஏன் நினைத்தார் என்று இல்லை. அழுதோம், திருந்தினோம், நேர்ந்துகொண்டோம் என்று ஒரு காரணமும் முன்னால் வரவில்லை.

*

வேதத்தில் கடவுள் ‘நினைத்தார்’ என்று வருகிற இடங்களை ஒரு மத்தியானம் தேடிப் பார்த்தேன். நோவாவை நினைக்கிறார்: காற்று வீசுகிறது, தண்ணீர் வடிகிறது. ராகேலை நினைக்கிறார்: பிள்ளை பிறக்கிறது. அன்னாளுக்கும் அப்படியே. எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களின் பெருமூச்சைக் கேட்டு உடன்படிக்கையை நினைக்கிறார்: அடுத்த அதிகாரத்தில் மோசே முட்செடிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். நினைப்பு என்று ஒன்று, பிறகு யோசனை, பிறகு வேலை என்று பிரித்துக் காட்ட அந்த எழுத்தாளர்களுக்குத் தெரியவில்லை. நினைத்தார் என்றால் வந்துவிட்டார் என்று பொருள்.

மனுஷ நினைப்புக்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். சிறையில் யோசேப்பு, பானபாத்திரக்காரனின் கனவுக்கு அர்த்தம் சொல்லி, வெளியே போனால் என்னை நினைத்துக்கொள் என்கிறான். அவன் வெளியே போகிறான், மறக்கிறான், இரண்டு வருஷம் போகிறது. உதவி வாங்கியவன், நன்றிக்கடன் உள்ளவன், அவனே மறக்கிறான். லூக்காவின் சிலுவைக் காட்சியில் அதே வேண்டுகோளைப் பக்கத்துச் சிலுவையில் தொங்குகிற கள்ளன் வைக்கிறான். அவன் இயேசுவுக்கு ஒரு உதவியும் செய்தவன் அல்ல. செய்யவும் இனி முடியாது, கை சிலுவையில் இருக்கிறது. எடுத்த பொருளைத் திருப்பித் தர முடியாது, ஞானஸ்நானம் கிடையாது, ஊர் நடுவில் நின்று மன்னிப்புக் கேட்க வழியில்லை. பதில் அன்றைக்கே வந்துவிடுகிறது.

*

புதுச்சத்திரம் நிறுத்தத்தில் சேலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கிழக்கே கொல்லிமலை தெரியும். மழைவிட்ட காலை என்றால் மடிப்பு மடிப்பாகத் தெரியும். சித்திரையில் புழுதிக்குப் பின்னால் ஒரு கோடு மட்டும். நெடுஞ்சாலையில் முட்டை லாரி, கோழித்தீவன லாரி, மரவள்ளிக்கிழங்கு ஏற்றிச் சேகோ ஆலைக்குப் போகிற டிராக்டர். சமவெளிக்காரர்களுக்கு அந்த மலை எப்போதும் கண்ணில் இருந்தது, கணக்கில்தான் இல்லை. சாமை, தினை, கடுக்காய், தேன் இறங்கி வரும். கடனும் காய்ச்சலும் ஏறிப் போகும். இப்போது எழுபது கொண்டை ஊசி வளைவு போட்ட சாலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அருவிக்கு வேன் போகிறது.

நூறு வருஷத்துக்கு முன் ஏறியவர்கள் நடந்து ஏறினார்கள், முடியாதவர்களை டோலியில் தூக்கினார்கள். ஜெசி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடித்து அப்படித்தான் ஏறினார்கள். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். ஜெசி கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவம் படித்தவர். ஈவ்லின் லண்டனில் வசதியான வியாபாரி வீட்டுப் பெண். வாழவந்தி நாட்டில் மரவீடு போட்டுத் தங்கினார்கள். ஜெசி பல்லைப் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், பள்ளிக்கூடம் வைத்தார், தச்சு சொல்லிக்கொடுத்தார்.

நரம்புச் சிலந்தியை இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. குடிக்கிற தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி வழியாக உடம்புக்குள் போய், ஒரு வருஷம் வளர்ந்து, காலைத் துளைத்துக்கொண்டு நூல்போல வெளியே வரும் புழு. எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைப்பார்கள், அங்கே அது குஞ்சுகளை விடும், அதே தண்ணீரை ஊர் குடிக்கும். படி இறங்கி மொள்ளுகிற கிணறு இருக்கும்வரை சுற்று நிற்காது. பிராண்ட் வரும் புழுவைக் குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி எடுத்ததோடு விடாமல், யாரும் கால் வைக்க முடியாதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்ப வைத்தார். அவர் பிரசங்கங்களைவிட எனக்கு அந்தச் சுவர்கள் பெரிசாகத் தெரிகின்றன. சுவருக்கு உள்ளே ஊறும் தண்ணீர், குடிக்க வருகிறவன் கும்பிடுவது அறப்பளீஸ்வரரையா இயேசுவையா என்று கேட்காது.

*

அவர்கள் வேலையில் பல வருஷம் ஒருவரும் கிறிஸ்தவராகவில்லை. மருந்து வாங்குவார்கள், போய்விடுவார்கள். பூசாரி ஒருவர் முன்னால் நின்று எதிர்த்தார். பிறகு முதல் உலகப் போர் முடிந்த கையோடு விஷக்காய்ச்சல் வந்தது. ஊர்கள் காலியாயின, சொந்தக்காரர்களே கிட்டப் போகப் பயந்தார்கள். பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள், எதிர்த்த பூசாரியின் வீட்டுக்கும் போனார்கள். அவர் சாகும் தறுவாயில் தன் பெண்குழந்தையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். ரூத் என்று பேர் வைத்து வளர்த்தார்கள். அந்த மலையில் சபை என்று ஒன்று உருவானது இதற்குப் பிறகுதான் என்று அவர்கள் வாழ்க்கைக் கதையில் சொல்லப்படுகிறது.

இதை மிஷனரிக் கதைகளின் வழக்கப்படி ‘மறக்கப்பட்ட மக்களை நினைத்தவர்கள்’ என்று முடித்துவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. மலை மக்கள் தங்களை மறக்கவில்லை. அவர்களுக்கு நாடுகள் இருந்தன, காணிச் சட்டங்கள் இருந்தன, கொல்லிப்பாவை இருந்தாள். அவர்களை மறந்தது நாம், சமவெளியும் சர்க்காரும். இன்னொன்று: பிராண்டின் சொந்த இறையியலின்படியே, கஞ்சி எடுத்துப் போனவரும் தாழ்வில் நினைக்கப்பட்டவர்தான். நினைக்கிறவர் இங்கே, நினைக்கப்படுகிறவர் அங்கே என்று வரிசை பிரிக்க அந்த 23ஆம் வசனம் இடம் தரவில்லை. ‘நாம்’ என்றுதானே அது பாடுகிறது.

*

1929 ஜூனில் ஜெசி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தில். தந்தி உடனே போய்விட்டது. கடிதங்கள் கப்பலில் போனவை. அதனால் அப்பா செத்த செய்தி கிடைத்த பிறகும் வாரக்கணக்கில் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன; மரம், பூச்சி, மலைக்காட்சி என்று எழுதிய கடிதங்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில், 1946க்குப் பிறகு, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாமல் போவதால்தான் சூட்டிலும் வெட்டிலும் விரல் போகிறது என்று காட்டியவர். ஒருமுறை நோயாளியின் தோளில் கை வைத்துப் பேச, அந்த ஆள் தேம்பி அழுதுவிட்டார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று கேட்டார் டாக்டர். தப்பில்லை, இங்கே வரும்வரை பல வருஷமாக அவரை ஒருவரும் தொட்டதில்லை என்று மொழிபெயர்த்தவர் சொன்னார்.

ஈவ்லின் கதை இன்னும் வினோதம். எழுபதை நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்துவிட்டது. அவர் விடைபெற்றுக்கொண்டு கப்பலேறவில்லை, மலையேறினார். பச்சை, கல்ராயன், சித்தேரி என்று கணவரோடு பேசிவைத்திருந்த மலைகள் பாக்கி இருந்தன. மட்டக்குதிரையில் போவார், விழுவார், எழுந்து போவார். எழுபத்தைந்தில் இடுப்பு எலும்பு முறிந்து ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்தார். காலையில் வேலையாட்கள் கட்டிலில் வைத்து இறக்கினார்கள். போதும் என்று மகன் சொன்னதைக் கேட்கவில்லை. பிறகு இரண்டு மூங்கில் கழி ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார், வாழவந்தியில் கணவருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அவரோடு வேலை செய்வது சுலபமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். இப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் நமக்குத்தான் இரத்த அழுத்தம்.

*

தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சேலம் ஜில்லாவில் 1871 குடிமதிப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றி எழுதுகிற எவனும் இந்த இரண்டு எண்ணைத் தாண்டிப் போகக் கூடாது. கடவுள் நினைத்தார் என்கிற பாட்டை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பாட வேண்டும். எனக்கு விடை கிடையாது.

ஆனால் சர்க்கார் எப்படி நினைத்தது என்பது பதிவாகியிருக்கிறது. வைசிராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் வந்து நிவாரணக் கூலியைக் குறைத்தார்: நாள் முழுக்கக் கல் உடைக்கிறவனுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே அற்பக் காசு. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. தேவையில்லாதவன் வந்துவிடக் கூடாது என்று கூலியைக் குறை, முகாமை ஊரை விட்டுத் தள்ளி வை, கடின வேலை கொடு; அதையும் மீறி வருகிறவனே உண்மையான ஏழை என்பது கணக்கு. சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இந்த அளவில் உடம்பு நிற்காது என்று புள்ளிவிவரத்தோடு சண்டை போட்டார். சில மாதத்தில் அளவு உயர்ந்தது. அதற்குள் போனவர்கள் போனார்கள்.

தகுதி பார்த்துக் கொடுப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியவில்லை. அதே சங்கீதத்தில், நம்மை நினைத்ததைச் சொல்லி இரண்டு வசனம் தள்ளி, உயிருள்ள எல்லாவற்றுக்கும் கடவுள் சாப்பாடு போடுவதைச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும். அங்கே கல் உடைக்கிற சோதனை இல்லை.

*

அந்தப் பஞ்சத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்களைக் கஞ்சிக்காகப் போனவர்கள் என்று இன்றும் ஏளனம் செய்கிறார்கள். அந்தக் காலத்துப் பாதிரிமாரே இந்தச் சந்தேகத்தில் ஆளைத் திருப்பித் திருப்பி விசாரித்தார்கள். எனக்கு இதில் ஒரு சிரிப்பு வரும். தகுதியே வேண்டாம், இலவசம் என்று கூவிவிட்டு, வந்து நிற்கிறவனிடம் ‘நீ சரியான காரணத்துக்காகத்தான் வந்தாயா?’ என்று கேட்பது என்ன நியாயம்? பசிக்காக வந்தேன் என்பதைவிட நேர்மையான பதில் எது? பன்றிக்குப் போட்ட தவிட்டைத் தின்ன ஆசைப்பட்டு, அப்பா வீட்டு வேலைக்காரனுக்குக்கூட சோறு இருக்கிறதே என்றுதான் லூக்காவின் இளைய குமாரன் கிளம்புகிறான். மனம் நொந்து அல்ல, வயிறு நொந்து. அப்பா அதை விசாரிக்கவில்லை.

*

தகுதி என்கிற பேச்சு நம் ஊரில் வெறும் சமயப் பேச்சு இல்லை. தலைமுறை தலைமுறையாக நீ எதற்கும் லாயக்கில்லை என்று தெருவிலும் கிணற்றடியிலும் டீக்கடைக் கிளாஸிலும் சொல்லப்பட்டவர்களுக்கு முன்னால் ஏறி நின்று, ‘நாம் அபாத்திரர்’ என்று பிரசங்கிப்பது எனக்குக் கூச்சமாக இருக்கும். அதை முதலில் கேட்க வேண்டியது மேல்தெரு. சபைகள் இதில் தேறவில்லை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரில் எதிர்த்து நின்றவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் உண்டு. கிருபையை அவரைப்போல் பாடியவர் தமிழில் குறைவு. ஒரே திருவிருந்து, ஆனால் தனி வரிசை. பாட்டு ஒரு பக்கம், பந்தி ஒரு பக்கம்.

*

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நைனாமலைக்கு எங்கள் பக்கத்து ஜனம் விடியும் முன்னே படியேறும். மேலே வரதராஜப் பெருமாள். பக்கத்து வீட்டுப் பெரியவரும் போவார், நெற்றியில் தென்கலை நாமம். குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும், நாங்க பூனைக்குட்டிக் கட்சிங்க என்பார். காரணம் இல்லாத கிருபை என்பதைப் பிள்ளை லோகாச்சாரியார் வழியில் வந்தவர்கள் எவ்வளவோ ஆழமாகப் பேசியிருக்கிறார்கள். கவிஞர் கிருஷ்ண பிள்ளை வைணவ வீட்டில் பிறந்து 1858இல் கிறிஸ்தவராகி ‘இரட்சணிய யாத்திரிகம்’ எழுதினார். காது பழகியிருந்தது, கிருபை என்றதும் அவருக்கு அந்நியமாகப் பட்டிருக்காது. வித்தியாசம் இல்லாமல் இல்லை. கிறிஸ்தவர்கள் அந்த நினைப்பை ஒரு தேதிக்குள், ஒரு ரோம அதிகாரியின் பேருக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்: பொந்தியு பிலாத்துவின் காலத்தில் என்று.

*

எங்கள் ஜெபக்கூட்டத்தில் வாராவாரம் பேர்ப் பட்டியல் படிப்பார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவர், பரீட்சை எழுதுகிற பிள்ளை, சவூதியில் வேலை போனவர். ஒரு வாரம் பட்டியலில் வந்த ஒரு பேரில் தகராறு. சீட்டுப் பிடித்துப் பலபேர் பணத்தை முழுங்கிவிட்டு ஊரைவிட்டுப் போனவன். அவன் அம்மா எழுதிக் கொடுத்திருந்தாள்.

“இந்தப் பேரை எப்படிங்க படிக்கிறது? பணம் போனவங்க இங்கயே உக்காந்திருக்காங்க” என்றார் பட்டியல் வைத்திருந்தவர்.

யாரும் பேசவில்லை. பணம் போனவர்களில் ஒருவரான கிழவிதான் வாயைத் திறந்தாள். “படி கண்ணு. எங்க பேரெல்லாம் என்ன யோக்கியதையில படிக்கறே? அவன் பேரையும் படி. அப்படியே அவங்கம்மாகிட்ட, எம்பட பணத்தைக் கொண்டாந்து கட்டச் சொல்லிப்போடு.”

படித்தார்கள். அவன் இன்னும் ஊர் திரும்பவில்லை. கிழவிக்கு மட்டும் மாசம் ஆயிரமாக வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. மற்றவர்கள் இதைக் கேட்டு அந்த அம்மாவிடம் போய் நிற்க ஆரம்பித்திருக்கிறார்கள்.