கறுப்புக் கம்பி

எந்திரம் போய்விட்டது, கம்பி போகவில்லை! கோவை வட்டாரச் சிறு பட்டறைகளிலே காணக்கூடிய காட்சி இது. லேத்தை விற்றிருப்பார்கள். அதற்கு மின்சாரம் ஊட்டிய கம்பிகளோ, சுவர்க் குழாயின் வாயிலே, நுனியில் டேப் சுற்றப்பட்டு, கேட்பாரற்றுத் தொங்கும். “அது சும்மா கிடக்கிறது” என்பர். சும்மா கிடப்பதாகச் சோதித்துச் சொன்னவர் யார்? முன்பிருந்தவர் சொன்னாராம். அவருக்கு? அவருக்கும் முன்பிருந்தவர்!

அத்தகைய பட்டறை ஒன்றிலே ஐந்து கம்பிகளை ஆராயும் வேலை நமக்கு வாய்த்தது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பேஸ் இரண்டுக்கிடையே 415 வோல்ட், பேசுக்கும் நியூட்ரலுக்குமிடையே 240. இது ஏட்டின் இலக்கணம். சுவரிலே கம்பி இழுத்தவனோ, அன்று கைக்குக் கிடைத்த சுருளை இழுத்திருப்பான். அவனை நோவானேன்? வாங்கித் தந்தது முதலாளி.

மோட்டார் சுவிட்சை இறக்கிவிட்டு, நீலக் கம்பியிலே டெஸ்டரை வைத்தோம். மங்கலாக எரிந்தது. “சுவிட்சை இறக்கியும் எரிகிறதே! இதிலே ஏதோ சூட்சுமம் இருக்கிறது, ஐயா” என்றார் மேஸ்திரி. சிவப்பும் மஞ்சளும் அவ்வாறே. மீட்டரோ எழுபது, எண்பது வோல்ட் என்று காட்டிற்று.

சூட்சுமம் ஏதுமில்லை, தோழர்களே! ஒரே குழாய்க்குள் உயிருள்ள கம்பியும் உயிரற்ற கம்பியும் நெடுந்தூரம் ஒட்டிக் கிடந்தால், இரண்டும் சேர்ந்து சிறு மின்தேக்கியாகிவிடும். அதன் வழியே கசியும் துளி மின்சாரம் டெஸ்டரின் நியான் குமிழுக்குப் போதும், விளக்குக்குப் போதாது. எனவே, 240 வோல்ட் விளக்குகள் இரண்டைத் தொடராக இணைத்து (ஒன்றை மட்டும் வைத்தால், 415 வந்துவிடின் வெடித்துவிடும்), மெயின் பலகையின் எர்த்திலிருந்து இழுத்த தனிக் கம்பியோடு சேர்த்து ஒவ்வொன்றாகச் சோதித்தோம். சிவப்பு, எரியவில்லை. மஞ்சள், நீலம், இல்லை. கறுப்பு—விளக்கிரண்டும் எரிந்தன!

அப்படியானால், பக்கத்திலே ஓடிய உயிருள்ள கம்பி எது என்பதும் விளங்கிற்று. நியூட்ரல் என்று அனைவரும் நம்பிய கறுப்பே அது! லேத்தின்மேல் விளக்கு வைக்க, எவரோ எப்போதோ விளக்குப் பலகையிலிருந்து பேசைத் திருப்பியிருக்கிறார். மோட்டார் சுவிட்சு அதைத் தொடுவதேயில்லை. அந்தக் குழாயிலேதான் வேலை பழகவந்த பையன் நாள்தோறும் சட்டையை மாட்டுவான். சாதாரண 40 வாட் விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 170 மில்லியாம்பியர். ஆளைக் காக்க வைக்கும் கசிவுத் தடுப்புச் சுவிட்சோ முப்பதுக்கே அறுத்துக்கொள்ளும்; அந்தப் பட்டறையிலே அதுவும் இல்லை.

மெயினை இறக்கினோம். டெஸ்டர் நம்மை ஏய்க்கக்கூடுமன்றோ? உயிருள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, கறுப்பிலே பார்த்து, மீண்டும் உயிருள்ள இடத்திலே பார்த்தோம். பிறகு, சுவரருகே கறுப்பை நம் எர்த் கம்பியோடு முறுக்கிவிட்டு, விளக்குப் பலகையிலே கம்பிகளைக் கழற்றி, பேட்டரியும் மணியும் கொண்டு தேடினோம். மூன்றாவது கம்பியிலே மணி ஒலித்தது.

அதைப் பலகையிலிருந்து விலக்கி, இரு முனைகளையும் பீங்கான் கனெக்டரில் அடக்கினோம். அரைநாள் கூலி, அதற்கே உரிமையாளர் முகம் சுளித்தார். மேஸ்திரி மட்டும் அட்டைத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, எந்தக் கம்பி எங்கே முடிகிறது என்பதையும் அன்றைய தேதியையும் தம் கையாலேயே எழுதிக் கட்டினார்.