தண்ணீர் வருமுன் ஐம்பது மணி நேரம்

மன்னார்குடிப் பக்கம் ஒன்பது மா நிலம் வைத்திருக்கும் அந்தக் குடும்பத்துக்குப் பவர் டில்லர்தான் இரண்டாவது வருமானம். மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து, மானியம் போக மீதியைக் கட்டி வாங்கிய வண்டி. சொந்த வயலை உழுதது போக, அக்கம்பக்கத்தாருக்கு வாடகைக்கு ஓட்டித்தான் சங்கிலியை மீட்க வேண்டும்.

ஓர் ஐப்பசியில் தாளடிச் சேற்றுழவு முடிந்த கையோடு வண்டியை மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். கத்திகளில் ஒட்டிய சேறு அப்படியே காய்ந்தது. ஏழு மாதம் யாரும் தொடவில்லை. ஆடுதுறை 43 நாற்று 22 நாள் ஆகி, வாய்க்காலில் தண்ணீரும் வந்த அன்று வண்டியைக் கிளப்பினால் கிளம்பவில்லை. ஏர் கிளீனரில் எலி கூடு கட்டியிருந்தது; அடிக் கிண்ணத்து எண்ணெய் களிம்பாகிக் கிடந்தது. அந்த எண்ணெய்தான் தூசியைப் பிடித்து வைப்பது. அது கெட்டால் தூசி நேராக இன்ஜினுக்குள் போய் ரிங்கையும் லைனரையும் உப்புத்தாள்போலத் தேய்க்கும். பல பருவமாகவே அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

மெக்கானிக் பாய் பிரித்துப் பார்த்து, லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் மாற்றச் சொன்னார். சாமான் வர நான்கு நாள். மாட்டிக் கொடுக்கும்போது, "தம்பி, இது புது இன்ஜின் மாதிரி. அம்பது மணி நேரம் லேசா ஓட்டுங்க. இப்பவே சேத்துல எறக்கிடாதீங்க" என்றார்.

"எப்படி பாய்? தண்ணி வந்துருச்சு. ஏழு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

பாயிடம் அதற்குப் பதில் இல்லை. அன்று மாலையே வண்டி சேற்றில் இறங்கியது. மூன்றாம் நாள் பிஸ்டன் லைனரோடு இறுகிப் பிடித்துக்கொண்டது.

வாடகை டிராக்டர் கிடைத்து நடவு முடிந்தபோது நாற்றுக்கு 38 நாள். 110 நாள் ரகத்தை அந்த வயதில் நட்டால் தூர் கட்டாது; கட்டவும் இல்லை. வாடகை வருமானம் போனது, இரண்டாம் முறை சாமான் செலவும் சேர்ந்தது, சங்கிலி சங்கத்திலேயே இருந்தது.

"புதுப் பொண்ணு வந்தன்னிக்கே நெல்லு குத்தச் சொல்லுவாங்களா? நீங்க சொன்னீங்க" என்று மனைவி ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

புதுச் சாமானுக்கு ஏன் இந்தச் சலுகை? புது ரிங்கும் லைனரும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இரண்டிலும் உண்டு. ஒன்றோடொன்று உராய்ந்து அந்த மேடுகள் படியும்வரை சூடு அதிகம். அந்த நேரத்தில் முழுப் பாரம் ஏற்றினால் இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் அறுந்து, பிஸ்டன் விரிந்து சிக்கிவிடும். அதற்காகப் பாரமே இல்லாமல் மணிக்கணக்கில் உறுமவிடுவதும் தவறு. ரிங் படியாமல் லைனர் பளபளத்துப்போய் எண்ணெய் குடிக்கத் தொடங்கும். மிதமான பாரம், ஏற்றி இறக்கும் வேகம், இதுதான் வேண்டும்.

மிதமான வேலை ஆனி மாதத்தில் எங்கே இருக்கிறது? அதனால்தான் ரிப்பேரை ஓய்வுக் காலத்தில் செய்யச் சொல்வது. அவசரத்தில் இருப்பவரிடம் பொறுமையாக ஓட்டச் சொல்லிப் பயனில்லை. விவசாயியை மட்டும் குறை சொல்வதிலும் நியாயமில்லை.

இந்த வருடம் மாசியிலேயே வண்டியைக் கழுவிப் பிரித்தார்கள். ரோட்டரி பக்கத்து கியர் ஆயில் மோர்போல வெளுத்திருந்தது. சீல் தேய்ந்து சேற்றுத் தண்ணீர் இறங்கியதன் அடையாளம். சீலும் ஆயிலும் மாறின. ஏர் கிளீனரை டீசலில் கழுவிப் புது எண்ணெய் ஊற்றினார்கள். லைனர், பிஸ்டன், ரிங் மறுபடி மாறியது. ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் பாய் தள்ளித் தள்ளிப் போட்டார்.

முதலில் பாரம் இல்லாமல் கால் மணி நேரம். ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கினார். அடுத்து டிரெய்லரில் அரைப் பாரமாக வைக்கோல். பிறகு மழை ஈரம் இருந்த தென்னந்தோப்பில் மேலாக உழவு. வெடித்துக் கிடக்கும் களி வயலுக்குப் போகவில்லை. அது சேற்றைவிடக் கடினம். புது வி-பெல்ட் இரண்டு நாளிலேயே தளர்ந்தது, இழுத்துக் கட்டினார். 25 மணியில் இன்ஜின் ஆயிலை மாற்றியபோது வெயிலில் இரும்புத் துகள் மினுமினுத்தது. முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்வது இதற்குத்தான். சரியான மணிக்கணக்கு வண்டிக்கு வண்டி மாறும்; கையேட்டில் போட்டிருப்பதே கணக்கு. கையேடு ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

டில்லரில் மணி காட்டும் மீட்டர் இல்லை. பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே மனைவி நேரத்தையும் குறித்தார்.

நடுவே வேலையில்லாத நாட்களில், சித்திரை முழுவதும், வண்டி மரக்கட்டைமேல் நின்றது. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, டீசல் டாங்கை வியர்க்காதபடி நிரப்பி, ஃபிளைவீலைக் கையால் சுற்றி இறுகும் இடத்தில் நிறுத்தினார். அப்போது வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பா. புல் வெட்டும் இயந்திரத்துக்கு மட்டும் நேர்மாறு: பெட்ரோலைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரில் பிசின் கட்டும்.

வைகாசிக் கடைசியில் காலண்டரில் 54 மணி. ஆயிலை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கேஜ் வீல் மாட்டினார். வாடகைக்கு மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.

"முதல்ல நம்ம வயலுங்க" என்றார் மனைவி.