தெளிந்த நீரிற் பசி

போசணை மிக வறிய வெப்பவலயக் கடல்களிலே முருகைக்கற்பார்கள் அத்துணைச் செழிப்புடன் நிலைபெறுவது எங்ஙனம் என்னும் வினா, அறிஞரை நெடுங்காலம் வியப்பில் ஆழ்த்தியது. விடை சிக்கனத்தில் உள்ளது. முருகையின் இழையங்களுள் வாழும் நுண்ணல்காக்கள் ஒளித்தொகுப்பாற் பெற்ற உணவை அதற்கு ஈகின்றன. அது கழிக்கும் நைதரசன் சேர்வைகளைத் தாம் ஏற்கின்றன. ஒன்றின் கழிவு மற்றொன்றின் முதலாகும் அவ்வில்லறத்தில் வீணாவது மிகச் சிறிதே.

இச்சிக்கனத்தைக் கண்ணாடித் தொட்டி ஒன்றினுள் நிலைநாட்ட முயல்வோர் படும் இடர்ப்பாட்டை, இலண்டனில் என் தமையனாரின் இல்லத்தில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது கண்டேன். 1986ஆம் ஆண்டில் ஊரைவிட்டு நீங்கிய அவருக்கு, 200 இலீற்றர் கொள்ளும் அத்தொட்டியே கடலாயிருந்தது. கடலிற் கரைந்து மறையும் கழிவு, தொட்டியிற் போக்கிடமின்றித் தங்கும். மீனுக்கு இடும் உணவு அமோனியாவாகிப் பின்னர் பற்றீரியாக்களால் நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாறும். பொசுபேற்றோ கல்லிலும் படிந்து, நீரிற் குறையுந்தோறும் மீளக் கசிந்து வரும். இலீற்றருக்கு 20 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரில் ஐந்திலொரு பங்கை அகற்றிப் புதுநீர் விட்டால் 16 எஞ்சும். மறுமுறையும் மாற்றினால் 12.8 எஞ்சும். ஒருநாளில் தீர்க்கவியலாத கடன் இது.

தமையனார் இவ்விரண்டையும் அறவே ஒழிக்க விரும்பினார். நுரை பிரிக்கும் கருவியோடு, பொசுபேற்றை உறிஞ்சும் இரும்புச் சேர்வையையும் இட்டார். தை நடுவிலே சோதனைக் குழாயில் நிறமே தோன்றவில்லை. நீர் பளிங்கெனத் தெளிந்தது. ஆயினும் கிளைமுருகைகள் நாளுக்கு நாள் வெளிறின. பிற அல்காக்கள் பட்டினியால் ஒடுங்கிய இடத்தை டைனோபிளாசெலேற்று என்னும் நுண்ணுயிர்கள் பற்றிக்கொள்ள, கபிலநிறச் சளிப்படலம் மணலை மூடியது.

"தண்ணி பட்டினி கிடக்குதடா தம்பி" என்றார் தமையனார். இரும்புச் சேர்வையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். மீன்களுக்கு உணவைக் கூட்டினார். நைத்திரேற்று இலீற்றருக்கு 5 மில்லிகிராம், பொசுபேற்று 0.05 மில்லிகிராம் என்ற அளவே இப்போது அவர் இலக்காயிற்று. பங்குனி முடிவிற் பெரும்பாலான கிளைகளில் நிறம் திரும்பியது. அவர் எட்டாண்டுகளாக வளர்த்த ஒரு முருகை மட்டும் மீளவில்லை. அதன் வெண்ணிற எலும்புக்கூட்டை எடுத்தெறிய அவருக்கு மனம் வரவில்லை.

எம் தீவின் கரையோரப் பார்களை 1998ஆம் ஆண்டில் வெளிறச் செய்தது கடலின் வெப்பம். நிலத்திலிருந்து வழியும் உரமும் கழிவும் அத்தகைய நலிவைப் பெருக்கவல்லன. அங்கே மிகுதி பகை. அத்தொட்டியிலோ இன்மை பகையாயிற்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாம் நன்கறிந்த முதுமொழி. நாம் கழிவென்று கடிவதும், உரிய அளவில் நின்றால் பிறிதோர் உயிருக்கு அமிர்தமாகும் என்பதை நான் அக்குளிர்காலத்திலேதான் அறிந்தேன்.