பெயர் அங்கே, மெத்தை இங்கே

காலை ஆறு மணிக்கு வானொலியில் நேயர்களைச் சிரித்தபடி எழுப்புபவள் நான். ஆனால், நான் கண்விழிப்பது ஈசூனில் அம்மா வீட்டுக் கூடத்தில், மகளோடு ஒரே மெத்தையில். கணவரைப் பிரிந்து எட்டு மாதங்கள் ஆகிவிட்டன.

வீவக வாடகை வீடு கிடைக்குமா என்று விசாரித்தேன். "உங்கள் பெயரில் வீடு இருக்கிறதே" என்றார் அதிகாரி. உண்மைதான். செங்காங் நாலறை வீட்டுக்கு நானும் உரிமையாளர். வாடகை வீடுகள் வேறு வீடு இல்லாதவர்களுக்கே. பிரிந்து வாழ்வதால் மட்டும் உரிமை நீங்கிவிடாது.

"அந்த வீடே எனக்கு வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்று கோபத்தில் கத்தினேன். அம்மாதான் சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு என்னை இழுத்துச் சென்றார்.

அங்கே இரண்டு விஷயங்கள் தெரிந்தன. மணவிலக்கு வழக்கில்தான் வீட்டை விற்பதா, ஒருவருக்கு மாற்றுவதா என்பது முடிவாகும். விற்றால், வீட்டுக்காக நான் எடுத்த மத்திய சேம நிதிப் பணம் வட்டியோடு என் கணக்குக்குத் திரும்ப வேண்டும். மகளுக்கான அடுத்த வீட்டுக்கு அதுதான் முன்பணம்.

அன்றிரவு கோபம் தணியவில்லை. ஆனாலும் எதிலும் கையெழுத்திடவில்லை. மறுநாள் வங்கி, சேம நிதிக் கணக்குத் தாள்களை ஒரே கோப்பில் சேர்த்தேன். மகள் அதன்மேல் ஒரு வீடு வரைந்தாள்.