திரும்பி வரும் வழி

சென்ற ஆண்டு நாம் அன்னையாருடன் மேல்கோட்டைக்குச் சென்றிருந்தோம். யோகநரசிம்மர் குன்றின் படிகளில் பாதி ஏறி, கீழே கல்யாணித் தீர்த்தத்தைப் பார்த்தவாறு அவர் இளைப்பாறுகையில், கைப்பேசி ஒலித்தது.

மைசூரில் நாம் ஊழியம் புரிவது இணைய இணைப்பு வழங்கும் ஒரு நிறுவனத்தில். அங்கே போக்குவரத்தை வழிநடத்தும் ரௌட்டர்கள் இரண்டு. முதலாவதன் மென்பொருளைப் புதுப்பிக்க அன்று அதனை நிறுத்தினர். சில நொடிகளில் சுமையெல்லாம் இரண்டாவதற்கு மாறிற்று. வாடிக்கையாளர் எவரும் அறிந்திலர். ஆனால் முதலாவது மீண்டும் உயிர்பெற்றதுதான் வினையாயிற்று! ஆறு நிமிடம் எவருக்கும் இணையம் இல்லை. கல்லூரி விண்ணப்பத்திற்கு அன்றே கடைசி நாள் என்று ஒரு தந்தையார் அழுதாராம்.

காரணம் இதுதான். ரௌட்டர் இருவகைப் பாடங்களைக் கற்கவேண்டும். ஓ.எஸ்.பி.எஃப். என்பது சொந்த வலையின் தெருக்களைச் சொல்லும். அது ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். பி.ஜி.பி. என்பதோ உலகத்து ஊர்களுக்கெல்லாம் வழி சொல்வது. ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட வழிகளை ஏற்றப் பல நிமிடங்கள் ஆகும். முதற்பாடம் முடிந்தவுடனே, குறுகிய வழி தன்னுடையதே என்று நம் ரௌட்டர் அறிவித்துவிட்டது. அண்டைக் கருவிகளும் நம்பிச் சுமையை அனுப்பின. வந்தவற்றை எங்கே அனுப்புவதென்று தெரியாமல் அது எறிந்துவிட்டது.

அமைத்தவர் வேறு யாருமல்லர், நாமே. விரைந்து திரும்புவதே திறமை என்று எண்ணியிருந்தோம்.

"யாருக்கு என்னப்பா?" என்றார் அன்னையார். சொன்னோம். அவர் பிறந்தது திருவரங்கம். "எம்பெருமானார் இங்கிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. உன் பெட்டிக்கு ஒரு நிமிடம் பொறுக்கவில்லையா?" என்று நகைத்தார். சோழமன்னன் மறைந்த செய்தி வந்தபின்னரே இராமானுசர் புறப்பட்டார் என்பது குருபரம்பரை மரபு. புறப்படுமுன் தமருகந்த திருமேனியை இங்கே விட்டுச் சென்றார் என்பர்.

இதற்கு மருந்து புதிதன்று. 2001-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3137 அதனைக் கூறியது. 2013-இல் 6987 என்ற எண்ணில் திருத்தம் பெற்றது. எழுந்தவுடன் ரௌட்டர் தன் வழிகளின் விலையை 65,535 என்று, அதாவது எண்ணின் உச்சமாக, அறிவிக்கவேண்டும். வேறு வழி இருக்கும்வரை எவரும் அதனூடே கடந்து செல்லார். பி.ஜி.பி. பாடம் முடிந்தபின் உண்மை விலையைச் சொல்லலாம். பாடம் முடியாவிடினும் பத்து நிமிடத்தில் இந்தக் காவல் நீங்கும்படி நம் கருவியில் ஏற்பாடு உண்டு. அது பெரும் வலைக்குப் போதாமலும் போகலாம். ஆகவே தம் கருவி எவ்வளவு நேரத்தில் கற்கிறதென்று முதலில் அளந்து பார்த்தல் நன்று.

அடுத்த மாதம் நள்ளிரவில் சோதித்தோம். ரௌட்டர் எழுந்தது, விளக்குகள் பச்சையாயின, போக்குவரத்து மட்டும் வரவில்லை. நான்காம் நிமிடத்தில் உடனிருந்த இளைஞர், "பழுதோ ஐயா? கட்டளையை நீக்கிவிடட்டுமா?" என்று விசைப்பலகையில் கைவைத்தார். நமக்கும் கை நடுங்கியது, பொறுக்கச் சொன்னோம். ஏழாம் நிமிடம் கடந்து சுமை மெல்ல ஏறிற்று. கைப்பேசி ஒலிக்கவில்லை.