எஞ்சின் மேலிருந்து பம்பருக்கு

1992-இல் அறிமுகமான சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் காரில் இன்டர்கூலர், அதாவது டர்போ அழுத்திச் சூடேற்றிய காற்றைக் குளிர்வித்து எஞ்சினுக்கு அனுப்பும் அலுமினியக் கூடு, எஞ்சினுக்கு மேலேயே அமர்ந்திருப்பதால், வண்டி நெரிசலில் நிற்கும்போது கீழிருந்து எழும் சூட்டைத் தானும் வாங்கிக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டு ரேடியேட்டருக்கு முன்னால் பெரியதொன்றை வீட்டிலேயே பொருத்த முனைவோர், பம்பரைக் கழற்றுவதே பெரும்பாடு என எண்ணுவதுண்டு. உண்மையில் பொழுதை விழுங்குவது குழாய் இணைப்புகளே. சிலிகான் ஹோஸின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சியிருந்தாலோ, குழாய் முனையின் புடைத்த விளிம்பைத் தாண்டிக் கிளாம்ப் உட்காராவிட்டாலோ, டர்போவின் அழுத்தம் ஹோஸைப் பிடுங்கி எறிந்துவிடும். சிறு கசிவு இதைவிடத் தொல்லை: காற்றளவு உணரி டர்போவுக்கு முன்பே காற்றை அளந்துவிடுவதால், வழியில் கசிந்துபோன காற்றுக்கும் சேர்த்தே கணினி பெட்ரோலைத் தெளிக்க, சைலன்சர் கரும்புகை கக்கும். குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூட்டுதோறும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா எனப் பார்ப்பதே எளிய சோதனை. சில கிட்களுக்காகப் பம்பருக்குள் இருக்கும் மோதல் தாங்கியை அறுக்க வேண்டியிருக்கும். அத்தகையவற்றைத் தவிர்ப்பதே நன்று. பானட்டின் காற்றுத் துவாரமோ, மேலிருந்த இன்டர்கூலருக்குக் காற்றூட்டும் பழைய வேலை போய்விட்டாலும், அழகுக்காக அப்படியே நிற்கிறது.