விளக்கை அணைக்குமுன்

மாலைத் திருப்பலி முடிந்து கோவில் கதவுகளைச் சாத்தும் வேளை. நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் தூணருகே தயங்கி நின்றான். வெளியூர்ப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். விடுதியில் தங்கிப் படிப்பவன். "ஃபாதர், ராத்திரி மூணு மணி ஆனாலும் தூக்கம் வரல" என்றான். பங்குப் பேரவைக் கூட்டம் நமக்காகக் காத்திருந்தது. "படுத்துக்கிட்டே செபமாலை சொல்லு தம்பி, தானா தூக்கம் வரும்" என்று சிரித்தபடி கூறி, நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவிட்டோம். செபத்தைத் தூக்க மாத்திரையாக்கிக் கையில் கொடுத்தோம் என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் மீண்டும் வந்தான். தேர்வறையில் விடைத்தாளின் மீதே தலை சாய்த்து உறங்கிப்போனதை அவன் தாய் முன்னரே சொல்லி அழுதிருந்தார். இம்முறை அமர்ந்து கேட்டோம்.

முந்தைய ஆண்டு ஓர் இரவில் அவன் தந்தைக்கு நெஞ்சுவலி கண்டது. விடியும்வரை அவர் மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தாயும் மாமாவும் பதினொரு முறை அழைத்தனர். கைப்பேசி ஒலியடங்கித் தலையணைக்கு அடியில் கிடந்தது. அவன் கண்விழித்தபோது தந்தை இல்லை. "நான் தூங்கிட்டேன் ஃபாதர்" என்றான். அதன்பின் கைப்பேசியைக் கையிலிருந்து இறக்கவே அவனால் இயலவில்லை. விழித்திருப்பதற்காக எதையெதையோ பார்த்தான். விடுதி வாசலில் இரவு பதினொரு மணிக்கும் தேநீர் அருந்தினான்.

கெத்சமனியில் உறங்கிய சீடர்களைக் குறித்து நாம் ஆண்டுதோறும் புனித வாரத்தில் மறையுரை ஆற்றுகிறோம். உறங்கிய குற்றத்துக்காகத் தன்னையே தண்டித்துக்கொண்டிருக்கும் ஒருவன் எதிரே அமர்ந்து அதைக் கேட்கக்கூடும் என்று எண்ணியதுண்டா? அச்சீடர்களின் உடல் வலுவற்றது என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார். அவர்களை விலக்காமல் எழுப்பித் தம்முடன் அழைத்துச் சென்றார். புயல் வீசிய படகில் அவரே தலையணை வைத்து உறங்கினார் என்கிறார் மாற்கு. சாக விரும்பிய எலியாவுக்கு வானதூதர் முதலில் அறிவுரை கூறவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்து மீண்டும் உறங்கவிட்டார். உறக்கம் குற்றமன்று, தம்பி. அது படைப்புயிரின் பணிவு என்றோம்.

பிறகு குருமடத்தில் நாம் கற்றதை நினைவுகூர்ந்தோம். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கின்படி, இரவுச் செபத்துக்குப்பின் துறவியர் பேசலாகாது. 4, 91, 134 ஆகிய மூன்று திருப்பாடல்களே ஒவ்வோர் இரவும் செபிக்கப்பட்டன. மாறாத செபத்தை இருளிலும் நூலின்றிச் சொல்லலாம். மனமும் அதைப் பற்றியபடி இளைப்பாறும். உடலுக்கும் அத்தகைய ஒழுங்கு வேண்டும். நம் உயிரணுக்களுக்குள் இயங்கும் நாள்கடிகாரத்தை விளக்கிய மூவர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர். இரவில் கண்ணருகே ஒளிரும் திரை, உறக்கத்துக்கு உடலை ஆயத்தம் செய்யும் மெலடோனின் சுரப்பைத் தாமதமாக்கும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீனில் பாதியளவு, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்துக்குப் பின்னும் குருதியில் தங்கியிருக்கும்.

இருவரும் அமர்ந்து ஓர் ஒழுங்கை எழுதினோம். மாலை நான்கு மணிக்குப்பின் தேநீர் இல்லை. இரவு பத்து மணிக்குத் தாய் அழைப்பார். தந்தையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இருவரும் ஒரு பத்து மணி செபமாலை சொல்வர். பின்னர், தாய், மாமா ஆகிய இருவரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைத்துக் கைப்பேசியை எட்டாத அலமாரியில் வைப்பான். விடுதிக் காப்பாளரின் எண்ணும் தாயிடம் இருக்கும். முகமும் காலும் கழுவி, ஆன்ம சோதனை செய்வான். புனித இஞ்ஞாசியார் அதை நன்றியில் தொடங்கச் சொன்னார், குற்றத்தில் அன்று. ஆகவே முதலில் அன்று பெற்ற நன்மை ஒன்று. இறுதியில் திருப்பாடல் 4. அறைத் தோழர்கள் விளக்கை அணைக்காவிடில் கண்மேல் ஒரு துண்டு. விடுமுறையிலும் அதே நேரத்தில் எழுவான். இவையனைத்தோடும் மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்கும்படி வற்புறுத்தினோம். துயரத்துக்கு மருத்துவம் நாடுவது விசுவாசக் குறைவன்று.

அவனுக்குச் சொன்னபின் நம் அறைக்குத் திரும்பினோம். கைப்பேசியில் இரவுச் செபத்தைத் திறந்து, அதே விரலால் செய்திகளுக்குத் தாவி, நள்ளிரவுவரை விழித்திருப்பது நம் வழக்கமாயிருந்தது. அன்று பழைய திருப்புகழ்மாலை நூலைத் தூசி தட்டி எடுத்தோம்.

உடனே எல்லாம் சீராகவில்லை. சில இரவுகளில் அவன் இன்றும் திடுக்கிட்டு எழுகிறான். ஆயினும் தந்தையின் நினைவுத் திருப்பலியன்று காலை, கோவில் வாசலில் நம்மிடம் வந்தான். "நேத்து நல்லா தூங்கிட்டேன் ஃபாதர்" என்றான். முன்பு அழுதுகொண்டு சொன்ன அதே சொல்.

திருச்சபை ஒவ்வோர் இரவும் சிமியோனின் பாடலை நம் நாவில் வைக்கிறது. காத்திருந்து களைத்த முதியவர், மெசியாவைக் கண்டபின் அமைதியாய் விடைபெறக் கேட்ட பாடல் அது. உலகைக் காக்கும் பொறுப்பை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்மூடுவதே அதன் பொருள். பெற்றோரே, விடுதியில் இருக்கும் உங்கள் பிள்ளையை இன்றிரவு அழையுங்கள். மதிப்பெண்ணை நாளை கேட்கலாம். இன்று ஒரு சிறு செபத்தைச் சேர்ந்து சொல்லி, "தூங்கு கண்ணு" என்று மட்டும் கூறுங்கள்.